இரண்டாவது ரத்தம்

என் நாத்தனார் இறந்த பிறகு எங்கள் தெருவில் யாரும் ரத்தம் கொடுக்கத் தயாராக இல்லை. ரத்தம் எடுத்ததால்தான் அவள் போய்விட்டாள் என்ற பேச்சு பரவியிருந்தது. அதை முதலில் சொன்னது யார் என்று எனக்குத் தெரியாது. என் மாமியாராகவே இருக்கலாம். நான் அப்போது எதையும் சரியாகக் கேட்கிற நிலையில் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் கிராமத்தில் பிறந்தவள். கல்யாணமாகி சங்கரன்கோவிலுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கணவர் யூனியன் ஆபீஸில் கிளார்க். மாமனார் கிடையாது. வீட்டில் அத்தை, அவர் மகள், நாங்கள் இருவர். அவ்வளவுதான். நாத்தனாருக்கு என்னைவிட ஒன்றிரண்டு வயது குறைவு. டைப்ரைட்டிங் லோயர் முடித்துவிட்டு ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தாள். புது வீட்டில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது, அத்தைக்கு எப்போது கோபம் வரும், கணவருக்கு எந்தக் குழம்பு பிடிக்காது என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்ததெல்லாம் அவளோடுதான்.

ஐப்பசி மழை நின்ற சமயம் தெருவில் காய்ச்சல் வந்தது. குழாயில் தண்ணீர் வருவது எப்போதாவது ஒரு நாள். வந்த அன்றைக்கே எல்லா வீட்டிலும் தொட்டி, டிரம், குடம், சருவம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் நிரப்பி வைத்துக்கொள்வோம். அதில் கொசு வரும் என்று யாரும் யோசித்ததில்லை. கொசு சாக்கடையில் வரும் என்றுதான் நினைத்திருந்தோம். வந்தது சாதாரணக் காய்ச்சல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் வலித்தது. முதுகெலும்பை யாரோ முறுக்குவதுபோல் இருந்தது. தெருவில் அதை எலும்புக் காய்ச்சல் என்றார்கள்.

எனக்கும் நாத்தனாருக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. உள் அறையில் ஒரே பாயில் கிடந்தோம். அத்தை கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து இருவர் நெற்றியிலும் பூசினார். தண்ணீரில் கரைத்து இருவருக்கும் கொடுத்தார். நாத்தனாருக்கு ஜுரம் ஏறும்போதெல்லாம் அவள் விரல்கள் தானாக டைப் அடிக்கும். பாயில் அடிக்கும், என் கையில் அடிக்கும்.

"மைனி, என் கை என் பேச்சைக் கேக்க மாட்டேங்கு."

"என்ன அடிக்கே?"

"யாருக்குத் தெரியும். தப்புத் தப்பாத்தான் அடிப்பேன்."

அப்போதுதான் மெட்ராஸிலிருந்து ஆட்கள் ஜீப்பில் வந்தார்கள். சுகாதாரத் துறை ஆள் ஒருவர் கூட்டிக்கொண்டு வந்தார். என்ன காய்ச்சல் என்று கண்டுபிடிக்க வீடு வீடாக ரத்தம் எடுக்கிறோம் என்றார். அவருடன் ஒரு பெண் டாக்டர். என் வயதுதான் இருக்கும். எங்கள் பாயின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அத்தை நாற்காலி கொண்டுவந்து போட்டும் அவர் எழவில்லை.

ஊசியைப் பார்த்ததும் நாத்தனார் சொன்னாள்: "டாக்டரம்மா, எங்க மைனிகிட்ட நெறைய எடுங்க. கரிசக்காட்டு உடம்பு, தாங்கும். எனக்குக் கொஞ்சம் போதும்."

டாக்டர் சிரித்தார். இருவரிடமும் ஒரே அளவுதான் எடுத்தார். கண்ணாடிக் குழாய்களை ஓர் அகலவாய் பிளாஸ்கில் ஐஸுக்குள் இறக்கினார். போகும்போது, "காய்ச்சல் விட்டு ரெண்டு மூணு வாரம் கழிச்சு மறுபடி வருவோம். இன்னொரு தடவை எடுக்கணும். ரெண்டும் இருந்தாத்தான் சொல்ல முடியும்" என்றார். எனக்கு அது பாதிதான் காதில் விழுந்தது.

அடுத்த ஒன்றிரண்டு நாளில் நாத்தனாருக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்த அத்தை, "கோமதியம்மன் கண்ணத் தொறந்துட்டா" என்று சொல்லிக் கஞ்சி வைக்கப் போனார். எனக்கு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கை என் மேல் பட்டபோது சில்லென்று இருந்தது. ஜுரம் விட்ட குளிர்ச்சி என்றுதான் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. பட்டது, குளிர்ந்தது.

உச்சிப்பொழுதில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். வாந்தி கறுப்பாக வந்தது. கணவர் ஆபீஸிலிருந்து ஓடிவந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து வாடகைக் கார் பிடித்து வந்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே நடந்து போனாள். அறை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள்.

"மைனி, வந்துருதேன்."

"ம்" என்றேன்.

திருநெல்வேலி போகிற வழியில், தேவர்குளம் தாண்டும்போதே உயிர் போய்விட்டதாம். அதற்குப் பிறகும் கார் திருநெல்வேலிவரை போயிருக்கிறது. அத்தை நம்பவில்லை. திருப்பிவிடலாம் என்று சொன்ன டிரைவரை வைதிருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டாக்டர் வந்து காருக்குள்ளேயே கண்ணைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்ன பிறகுதான் திரும்பியிருக்கிறார்கள்.

சாயங்காலம் அதே கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. தெருவே கூடிவிட்டது. அழுகைச் சத்தம் எனக்கு உள் அறைவரை கேட்டது. யாரோ இரண்டு பெண்கள் என்னைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்க் காட்டினார்கள். பார்த்தேன். அவள் மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை, அதற்கு ஒன்றும் புரியவில்லை என்று யாரோ சொன்னார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

காய்ச்சல் எனக்கும் விட்டது. உடம்பெல்லாம் சிவப்பாகத் தடித்து, அரித்து, பிறகு அடங்கியது. எழுந்து நடமாட ஆரம்பித்தேன். உலை வைத்தேன், துணி துவைத்தேன், குழாயில் வரிசையில் நின்றேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. அதுதான் எனக்கே விசித்திரமாக இருந்தது. சாப்பிட்டால் ருசி தெரியவில்லை; காய்ச்சல் நாக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

குழாயடியில் என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துவார்கள். ஒருநாள் நிறுத்துவதற்குமுன் காதில் விழுந்துவிட்டது. "ரத்தத்த உறிஞ்சிட்டுப் போயிட்டாக. இருந்த தெம்பும் போச்சு. பெறகு எப்படிப் பொழைப்பா?" அத்தை என்னிடம் நேராக எதுவும் சொல்லவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டார். துக்கம் கேட்க வந்த ஓர் உறவுக்காரப் பெண்ணிடம், நான் காபி கொண்டுபோய் வைத்த நேரத்தில், "ரெண்டு பேருகிட்டயுந்தான் எடுத்தாக. ஒருத்தி இங்கன நடமாடுதா" என்றார். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

சொன்னபடி ஜீப் மறுபடி வந்தது. காலை நேரம். கணவர் ஆபீஸுக்குப் போய்விட்டார். ஜீப்பைக் கண்டதும் தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்தினார்கள். சாத்தாத வீட்டிலும் வெளியே வந்து வேண்டாம் என்று கையை ஆட்டினார்கள். டாக்டருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. எங்கள் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் ஒரு சிரிப்போடுதான் வந்தார். முதல் முறை எங்கள் வீட்டில்தான் அவரோடு சிரித்துப் பேசியிருந்தார்கள்.

"எப்படிம்மா இருக்காங்க ரெண்டு பேரும்? காய்ச்சல் நல்லா விட்டுடுச்சா?"

அத்தை வாசற்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுளகைக் கீழே வைத்தார்.

"எதுக்கு வந்திருக்கிய?"

"ரெண்டாவது ரத்தம் எடுக்கணும்மா. அன்னிக்கே சொல்லியிருந்தேனே."

"ரெண்டாவது ரத்தமா?" அத்தை எழுந்துவிட்டார். "மொதல்ல எடுத்ததுக்கே எம்புள்ளை போயிட்டா. இன்னும் யார எடுக்க வந்திருக்கிய? நான் இருக்கேன், எடுக்கியளா? எடுங்க. இந்தா, எடுங்க!"

இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அத்தை கத்தினார். டாக்டர் அப்படியே நின்றார். "எனக்குத் தெரியாதும்மா... யாரும் சொல்லலை" என்று என்னவோ சொன்னார். சுகாதாரத் துறைக்காரர் அவர் தோள்பையைத் தொட்டு, "வாங்கம்மா, போயிருவோம்" என்றார். இருவரும் தெருமுனையில் நின்ற ஜீப்பை நோக்கி நடந்தார்கள்.

நான் அத்தையின் பின்னால் நிலைப்படியில் நின்றிருந்தேன். அத்தையைத் தாண்டி இறங்கினேன். செருப்பு போடவில்லை. ஏன் போனேன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். துணிச்சல் என்று சிலர் சொன்னார்கள். துணிச்சல் என்றால் பயம் இருந்திருக்க வேண்டும். எனக்கு அன்றைக்குப் பயமும் இல்லை, கோபமும் இல்லை, ரத்தம் எடுத்தால் நல்லது என்ற எண்ணமும் இல்லை. இரண்டாவது தடவை எடுக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார், வந்திருக்கிறார், அவள் இல்லை, நான் இருக்கிறேன். அவ்வளவுதான் தோன்றியது.

ஜீப்பின் பக்கத்தில் போய்ச் சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினேன். டாக்டர் என்னைப் பார்த்தார்.

"வேண்டாம்மா. உங்க வீட்டுல..."

"எடுங்க."

முதல் குத்தில் நரம்பு சிக்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லி மறுபடி குத்தினார். ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி தெரிந்தது. அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

"எப்போ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க வந்துட்டுப் போன ரெண்டு நாள்ல. காய்ச்சல் விட்டுட்டு. விட்ட பெறகுதான்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "இந்தக் காய்ச்சல் விடும்போதுதான் சில பேருக்கு ஆபத்து. நாங்க எடுத்தது ரெண்டு ஸ்பூன்கூட இருக்காது. அதனால இல்லை. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா அதனால இல்லை."

"சரி" என்றேன்.

பஞ்சை வைத்து அழுத்தி, கையை மடக்கிக் கொடுத்தார். திரும்பிப் பார்த்தால் சாத்தியிருந்த கதவுகள் ஒன்றிரண்டு திறந்திருந்தன. மூன்று வீடு தள்ளி இருக்கிற தறிக்கார அண்ணாச்சி, அவர் வீட்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "அந்தப் புள்ளையே குடுக்கு. எனக்கு என்ன?" என்று யாரிடமும் சொல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அதற்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. நான் வீட்டுக்குத் திரும்பினேன். அத்தை அதே இடத்தில் உட்கார்ந்து கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வழிவிட்டு ஒதுங்கவில்லை, தடுக்கவும் இல்லை. நான் ஓரமாக ஏறி உள்ளே போனேன்.

சாயங்காலம் கணவர் கேட்டார். "ஏன் குடுத்த? அம்மா இருக்க நெலமையில?"

"தெரியல."

அவரும் அந்த நாட்களில் அதிகம் பேசவில்லை. தங்கையின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக ஆபீஸுக்குப் போவதாக ஒருநாள் சொன்னார்.

பொங்கல் எங்களுக்குக் கிடையாது. அது கழிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டாக்டர் பஸ்ஸில் வந்து இறங்கினார். ஜீப் இல்லை, கூட ஆள் இல்லை. வேறு வேலையாகத் திருநெல்வேலிக்கு வந்ததாகவும் நேரில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று தோன்றியதாகவும் சொன்னார். கணவர் நாற்காலியை எடுத்துப் போட்டார். அத்தை அடுக்களை வாசலில் தரையில் உட்கார்ந்துகொண்டார். போகச் சொல்லவில்லை.

"டெங்கு" என்றார் டாக்டர். நாங்கள் யாரும் அதுவரை கேள்விப்படாத பெயர். நல்ல தண்ணியில் வளர்கிற கொசு கடித்து வருவது, தொட்டி தண்ணியிலேயே வரும் என்றார். எப்படித் தெரிந்தது என்று கணவர் கேட்டார்.

"காய்ச்சல் வந்தா அதை எதிர்க்கிறதுக்கு உடம்பு ரத்தத்துல ஒரு பொருளை உண்டாக்கும். ஆரம்பத்துல ரொம்பக் கொஞ்சமாத்தான் இருக்கும், இல்லாமக்கூட இருக்கும். ரெண்டு மூணு வாரத்துல நிறைய ஏறிடும். அதுக்குத்தான் ரெண்டு தடவை எடுக்கிறோம்." பிறகு எங்களுக்காக இன்னும் விளக்கினார். ரத்தம் உறைந்ததும் மேலே மஞ்சளாக நிற்கிற தண்ணீரை மட்டும் எடுப்பார்களாம். சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் அதை ஊற்றி, டெங்குக் கிருமியைச் சேர்த்து, அதன் மேல் வாத்து ரத்தத்தின் சிவப்பணுக்களை விடுவார்களாம். எதிர்க்கிற பொருள் இல்லை என்றால் சிவப்பு குழி முழுக்க விரிந்துவிடும். இருந்தால் குழியின் அடியில் பொட்டு வைத்ததுபோல் சின்னதாகச் சேர்ந்து நிற்கும். தண்ணீர் கலந்து கலந்து எத்தனை குழிவரைக்கும் பொட்டு விழுகிறது என்று பார்ப்பார்களாம்.

"இவங்களோட முதல் ரத்தத்துல ஒண்ணுமே விழலை" என்று என்னைக் காட்டினார். "ரெண்டாவதுல வரிசையா விழுந்திருக்கு. அதை வச்சும், மத்தவங்க கொடுத்ததை வச்சும்தான் இந்தத் தெருவுக்கு வந்தது என்னன்னு தெரிஞ்சுது."

அத்தை அடுக்களை வாசலிலிருந்து முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"எம்புள்ளைக்கு?"

டாக்டர் நாற்காலியிலிருந்து இறங்கி அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"சொல்ல முடியலைம்மா. அவங்களோட முதல் ரத்தத்துல கொஞ்சம் பொட்டு விழுந்துச்சு. ஆனா அது இந்தக் காய்ச்சலாலயா, முன்ன எப்பவோ வந்ததாலயான்னு ஒரே ரத்தத்தை வச்சுக்கிட்டுச் சொல்ல முடியாது. இன்னொண்ணு இருந்திருந்தா சொல்லலாம். சந்தேகம்தான். அதுக்கு மேல சொன்னா பொய்யாயிடும்."

"சின்னப் புள்ளையில ஒரு காய்ச்சல் வந்துச்சு. மேலெல்லாம் செவந்து" என்றார் அத்தை.

"அதுவாகவும் இருக்கலாம்மா. ஒரு தடவை வந்தவங்களுக்கு மறுபடி வந்தா மோசமாகும்னு சொல்றாங்க. உறுதியாத் தெரியலை."

நான் காபி போட எழுந்தேன். அத்தையைத் தாண்டித்தான் அடுக்களைக்குள் போக வேண்டும். அவர் நகரவில்லை. நான் நின்றேன்.

"அவ ரத்தம்..." என்றார் அத்தை. "அது என்ன ஆச்சு? கொட்டிட்டியளா?"

"இல்லைம்மா. மிச்சம் இருக்கு. ஐஸ் பெட்டியில வச்சிருக்கோம்."

"இருக்கா?"

"இருக்கும்மா. கொஞ்சம்தான். சிவப்பா இருக்காது. மஞ்சளா, தெளிஞ்ச தண்ணி மாதிரி."

அத்தை அதைக் கையால் அளப்பதுபோல விரல்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார். டாக்டர் தன் சுண்டுவிரல் நுனியைக் காட்டினார். அவ்வளவு.

"வச்சுக்கிடுங்க" என்றார் அத்தை. "கொட்டிராதிய."

டாக்டர் சரி என்றார். காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போனார். அதற்குப் பிறகு அவரை நான் பார்த்ததில்லை.

அத்தை அழவில்லை. தெருவில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ரத்தம் எடுத்ததால் செத்தாள் என்ற பேச்சை அவர் மீண்டும் எடுக்கவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் வந்து உட்காருவார், சாப்பிட்டதும் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போவார்.

சித்திரையில் ஒரு மத்தியானம் கரண்ட் போனது. பக்கத்து வீடுகளில் விசைத்தறி எல்லாம் ஒரே நேரத்தில் நின்று தெரு அமைதியாகிவிட்டது. நான் முற்றத்தில் மிளகாய் வற்றலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அத்தை நிழலில் பனையோலை விசிறியோடு உட்கார்ந்திருந்தார். விசிறி நின்றது.

"ஏட்டி."

மாதக்கணக்கில் இல்லாமல் அன்றைக்குத்தான் கூப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தேன்.

"மெட்ராஸ்லயும் கரண்டு போவுமா?"

எனக்கு உடனே புரியவில்லை. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புரிந்தது. ஐஸ் பெட்டி.

"அங்கன போகாது அத்தை. போனாலும் மெசின் வச்சிருப்பாக. தானா ஓடும்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. மெட்ராஸை நான் பார்த்ததே இல்லை. அத்தை தலையை ஆட்டினார். விசிறி மறுபடி அசைந்தது. கொஞ்சம் கழித்து, "வெயில்ல நிக்காத. உள்ள வா" என்றார்.

அந்த வருஷம் துக்கம் என்று கோவில் பக்கம் போகவில்லை. மறு வருஷம் கோமதியம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். கரிசல் கிராமங்களிலிருந்தெல்லாம் வண்டி கட்டியும் பஸ்ஸிலும் ஜனம் வந்திருந்தது. சாமி காட்சி கொடுக்கிற நேரத்தில் விவசாயிகள் காணிக்கையாக வீசிய பருத்தியும் மிளகாயும் நெல்லும் தலைக்கு மேலே பறந்தன. கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்து எங்களை இழுத்தது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"காணாமப் போயிரும்" என்றார். யார் என்று சொல்லவில்லை.

சாமியைப் பார்த்துவிட்டோம். கூட்டம் கலைந்து ரோடு வந்தது. பூக்கடை தாண்டினோம். எனக்குப் பெரிதாக எதுவும் தோன்றவில்லை. அவர் பிடித்திருந்த இடம் வேர்த்து நசநசவென்று இருந்தது. அத்தை கையை எடுக்கவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை. வீட்டு வாசலில் பூட்டைத் திறக்க அவருக்கு அந்தக் கை வேண்டியிருந்தபோதுதான் விட்டார்.